பேற்றுவலிக்கு மருந்து தந்த சிம்சன்: ஒரு வாசகர் கேள்வியும் தொடர்குறிப்புகளும்

கேள்வி: ஜூன் 7, காலை 9.10

இன்று ஜேம்ஸ் யங் சிம்சனின் பிறந்தநாள். ஸ்காட்லாந்தின் மகப்பேற்று மருத்துவர். விக்டோரியா அரசிக்குக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தவர். மதத்தின் எதிர்ப்பைத் தனி ஆளாக வென்று, தாய்மார்களைப் பேற்றுவலியிலிருந்து விடுவித்தவர். இப்படிப்பட்டவரைச் செவிலியர் பாடநூல் ஒரே வரியில் கடந்துபோவது நியாயமா? பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு 10.40

அரசிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர் சிம்சன் அல்லர். 1853 ஏப்ரல் 7 அன்று, பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் லியோபோல்ட் பிறந்தபோது, அந்த மருந்தைக் கொடுத்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. மறு ஆண்டு பிராட் தெரு அடிகுழாயைக் காட்டி, காலரா குடிதண்ணீரில் வருகிறது என்று வாதிட்டவரும் அவரே. வலி எழும்போதெல்லாம் மடித்த கைக்குட்டையில் சில துளிகள் விட்டு, அரசி நினைவிழக்காத அளவில், 53 நிமிடங்கள் கொடுத்தார். சிம்சனுக்கு 1847 முதல் 'ஸ்காட்லாந்தில் அரசியின் மருத்துவர்' என்ற பட்டம் இருந்தது. அதையும் இதையும் சேர்த்துத்தான் இந்தக் கதை கட்டப்பட்டிருக்க வேண்டும்.

நான் 34 ஆண்டுகள் பிரசவ அறைகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். அரசிக்கு மயக்க மருந்து கொடுத்தவர் சிம்சன் என்று நானும் பயிற்சித் தேர்வில் எழுதியிருக்கிறேன், அதற்கு மதிப்பெண்ணும் விழுந்தது. ஓய்வுக்குப் பிறகு அவரைப் பற்றி ஆர அமரப் படித்தபோதுதான், அந்த ஒரு வரிக்குப் பின்னால் எப்படிப்பட்ட மனிதர் இருந்தார் என்பது தெரிந்தது. அவர் நல்லவர் என்றோ தவறியவர் என்றோ ஒரே சொல்லில் முடிக்க என்னால் இயலவில்லை.

ஜூன் 8, காலை 6.15

பிறப்பு 1811. ஊர் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு மேற்கேயுள்ள பாத்கேட். தந்தை ரொட்டிக் கடைக்காரர். வீட்டில் ஏழாவது ஆண்பிள்ளை, கடைக்குட்டி. ஒன்பது வயதில் தாயை இழந்தார், அக்காதான் வளர்த்தார். படிக்கிற பிள்ளை என்று கண்டதும் குடும்பமே கடையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவரை அனுப்பியது. 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அண்ணன்களும் அக்காவும் உழைக்க, கடைசித் தம்பி படிப்பது நமக்குத் தெரியாத கதையன்று.

மாணவராக இருந்தபோது, ராபர்ட் லிஸ்டன் என்ற அறுவை மருத்துவர் ஒரு மலைநாட்டுப் பெண்ணுக்கு மார்பக அறுவை செய்வதை நேரில் பார்த்தார். அது மயக்க மருந்து இல்லாத காலம். அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் வெளியேறி, மருத்துவமே வேண்டாம், வழக்கறிஞர்களிடம் எழுத்தர் வேலை கேட்போம் என்று நீதிமன்றப் பக்கம் போய்விட்டுப் பிறகு மனம் மாறித் திரும்பினார் என்பார்கள்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பயிற்சியின் முதல் மாதத்தில் நான் பார்த்த முதல் பிரசவம் தலைப்பிரசவம். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் கத்திய கத்தலில் நான் நடைவழிக்கு ஓடிவந்து, காலையில் முதல் பேருந்தில் ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து அழுதேன். மூத்த செவிலியர் ஒருவர் வந்து, "பழகிவிடும்" என்றார். அவர் சொன்னபடியே பழகியும்விட்டது. சிம்சனுக்கு அது கடைசிவரை பழகவில்லை. அவர் வாழ்க்கையில் நான் முதலில் மதிப்பது இதைத்தான்.

ஜூன் 8, பிற்பகல் 3.30

பதவி கிடைத்த கதையைக் கேட்டிருந்தீர்கள். 1839இல் எடின்பரோவின் மகப்பேற்றுப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹாமில்டன் காலமானார். மருத்துவப் பட்டம் பெறுவோர் பிரசவம் பார்க்கவும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நெடுங்காலம் போராடி வென்றவர் அவர். அந்த இடத்துக்கு 28 வயதுச் சிம்சன் போட்டியிட்டார். தேர்ந்தெடுப்பது நகர மன்றத்தின் கையில் இருந்ததால், அது உள்ளாட்சித் தேர்தலைப் போலவே நடந்தது. சான்றிதழ்களை அச்சிட்டு வழங்கியதிலும் அலைந்ததிலும் அவர் கடனாளியானார். திருமணமாகாதவரைப் பெண்களின் வைத்தியத்துக்கு எப்படி வைப்பது என்ற பேச்சு எழுந்தது. 1839 டிசம்பர் 26இல் ஜெஸ்ஸி கிரிண்ட்லேயை மணந்துகொண்டு வந்தார். 1840 பிப்ரவரி 4 அன்று, டப்ளினைச் சேர்ந்த எவரி கென்னடியை 17க்கு 16 என்ற கணக்கில் வென்றார்.

ஒரே ஒரு வாக்கு இந்தப் பக்கம் விழாமல் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். குளோரோஃபார்முக்கு முன் வந்த ஈதர் என்ற மயக்க மருந்து எப்படியும் பிரசவ அறைக்கு வந்திருக்கும். ஆனால் இவ்வளவு விரைவாகவும் இவ்வளவு உரத்த குரலிலும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 9, காலை 5.50

1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்தார்கள். டிசம்பரில் லண்டனில் அதையே செய்து காட்டியவர், முன்னே சொன்ன அதே லிஸ்டன். 1847 ஜனவரி 19 அன்று, இடுப்பெலும்பு குறுகிப்போன ஒரு பெண்ணுக்குச் சிம்சன் ஈதர் கொடுத்துப் பிரசவம் பார்த்தார். குழந்தையைக் கால் பிடித்துத் திருப்பி எடுத்தார். அது சில முறை மூச்சுக்குத் திணறியும் பிழைக்கவில்லை, தாய் பிழைத்தாள். அரசியின் மருத்துவர் என்ற பட்டம் அவருக்கு வந்ததும் அதே நாட்களில்தான். அந்தப் பட்டத்தைவிட, ஒரு பெண்ணுக்கு வலியில்லாமல் பிரசவம் பார்த்ததே தமக்குப் பெரிதாகப் படுகிறது என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார்.

ஈதர் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மணம் மூக்கைத் துளைத்தது, இருமலைக் கிளப்பியது, நெடுநேரப் பிரசவத்துக்குப் புட்டி புட்டியாகத் தேவைப்பட்டது. எனவே ஒவ்வோர் இரவும் உணவுக்குப் பின், குவீன் தெரு 52ஆம் எண் வீட்டு உணவறையில், ஜார்ஜ் கீத், மேத்யூஸ் டங்கன் என்ற இரண்டு உதவியாளர்களோடு உட்கார்ந்து, ஆவியாகும் திரவங்களைத் தம்ளரில் ஊற்றித் தாமே முகர்ந்து பார்த்தார். உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்துப்போகப் பக்கத்து வீட்டுப் பேராசிரியர் மில்லர் காலையில் வருவது வழக்கமாம். 1847 நவம்பர் 4 இரவு குளோரோஃபார்மின் முறை வந்தது. மூவரும் கலகலவென்று பேசினார்கள், பிறகு மேசைக்கடியில் கிடந்தார்கள். விழித்ததும் சிம்சனுக்குத் தோன்றிய முதல் எண்ணம், இது ஈதரைவிட வலிமையானது என்பதுதான்.

நான்கு நாட்கள் கழித்து, நவம்பர் 8 அன்று, ஜேன் கார்ஸ்டேர்ஸ் என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் கொடுத்தார். அவள் கணவரும் மருத்துவர், இந்தியாவில் பணியாற்றியவர். பிறந்த பெண்ணுக்கு 'அனஸ்தீசியா' என்றே பெயர் வைத்தார்கள். நவம்பர் 10 அன்று எடின்பரோ மருத்துவர் சங்கத்தில் அறிக்கை படித்தார். முதல் சோதனையிலிருந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த வேகம்தான் அவரது பலம், பின்னால் பார்க்கப்போகிற தீங்கும் இதிலிருந்தே வந்தது.

ஜூன் 9, காலை 11.20

மேலே நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வில்ஹெல்மினா. 'அனஸ்தீசியா' செல்லமாக அழைத்த பெயர் மட்டுமே. அவள் வளர்ந்தபின் எடுத்த படம் ஒன்றைச் சிம்சன் மேசையில் வைத்துக்கொண்டு, 'புனித அனஸ்தீசியா' என்று சொல்லி மகிழ்வாராம். அதிலிருந்து முளைத்த கதை இது. பலமுறை கேட்ட கதை என்பதற்காகவே சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். பழைய வரியை அழிக்காமல் விடுகிறேன், திருத்தம் இங்கே இருக்கட்டும்.

ஜூன் 10, இரவு 9.00

மதத்தின் எதிர்ப்பைத் தனி ஆளாக வென்றார் என்பதற்கு வருகிறேன். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில், வேதனையோடே பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்படுகிறது. அதை வைத்து எழக்கூடிய தடைகளுக்குப் பதிலாக 1847 டிசம்பரிலேயே சிம்சன் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்த எபிரேயச் சொல் உடலுழைப்பைத்தான் குறிக்கிறது, வலியை அன்று என்று வாதிட்டார். ஆதாமின் விலாவிலிருந்து பெண்ணைப் படைக்குமுன் கடவுளே அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினார் என்ற வசனத்தை எடுத்துக்காட்டினார். இளமையிலிருந்தே விவிலியத்தில் ஊறியவர் என்பது அதில் தெரிகிறது.

ஆனால் அன்றைய வெளியீடுகளைத் துருவிப் பார்த்த வரலாற்றாய்வாளர்கள், அச்சில் வந்த மத எதிர்ப்பு மிகச் சொற்பம் என்கிறார்கள். வரப்போகும் தாக்குதலுக்கு முன்கூட்டியே அரண் கட்டியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அரணைப் பார்த்துவிட்டுப் பெரும்போர் நடந்ததாக எழுதினார்கள். உண்மையான எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்தே வந்தது. பிலடெல்பியாவில் பேறுகால மருத்துவத்தில் பேர்பெற்றவரான சார்லஸ் மெய்க்ஸ், பேற்றுவலி உயிராற்றலின் விரும்பத்தக்க, நலம் பயக்கும் வெளிப்பாடு என்ற பொருளில் சிம்சனுக்கு எழுதினார். வலி இருந்தால்தான் பிரசவம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும், ஆயுதம் (பிள்ளையை எடுக்கும் இடுக்கி) போடும்போது தவறான இடத்தில் பட்டால் அவள் சொல்வாள் என்றார்கள். எதையும் அனுபவிக்காதவர்கள் சொன்ன நியாயங்கள் இவை.

ஜூன் 11, காலை 7.45

"வலி இயற்கை, நம் பாட்டிமார் பத்துப் பெறவில்லையா? இந்தக் காலத்துப் பெண்களுக்குத்தான் பொறுமை இல்லை" என்று நேற்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று ஓர் இரவு பொறுத்தேன்.

பாட்டி பத்துப் பெற்றதைச் சொல்கிறவர்கள், அதில் எத்தனை தங்கின என்பதையும், பக்கத்து வீட்டில் பேற்றிலேயே போன பெண்ணையும் சொல்வதில்லை. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்ற பேச்சு நம்மிடையே சும்மா வந்ததன்று. சிம்சன் மெய்க்ஸுக்குச் சொன்ன பதிலின் சாரமும் இதுதான்: நடப்பதும் இயற்கைதான், ஆனால் யாரும் அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்வதில்லை, உடம்பில் இயற்கையாக நடக்கிறது என்பது ஒரு வேதனையைத் தணிக்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பிரசவ அறைகளில், வலியில் கத்தும் பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொற்கள் சொல்லப்பட்டன. "அப்போது இனித்ததா?" என்ற கேள்வியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொன்னவர்களைத் தடுத்ததும் இல்லை. "கத்தாதே, மூச்சை அடக்கி முக்கு" என்று அதட்டியிருக்கிறேன். ஓர் இரவில் இருபது பிரசவம், கட்டிலுக்கு இருவர், கூட ஒரே ஓர் ஆயா என்ற நிலையில், அதட்டல்தான் எனக்குத் தெரிந்த ஒரே வழியாக இருந்தது. அது காரணம் மட்டுமே, நியாயமாகாது. சிம்சனின் காலத்து மருத்துவர்கள் தத்துவமாகச் சொன்னதை நாங்கள் அதட்டலாகச் சொன்னோம். இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே எண்ணம்: அவளுடைய வலி எவ்வளவு என்பதை அவள் அல்ல, நாங்கள்தான் முடிவு செய்வோம்.

பாஸ்டனில் ஈதரை அறிந்தவர்கள் அதைக் கத்திக்குத் துணையாகக் கண்டார்கள். வெட்டாமல் கிழிக்காமல் வரும் ஒரு வலிக்கும், அவள் கேட்கிறாள் என்பதற்காகவே மருந்து கொடுக்கலாம் என்று ஊரறியச் சொன்னவர் சிம்சன்.

ஜூன் 11, இரவு 10.05

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். அவரைப் புகழ்ந்துவிட்டு அப்படியே விட்டால் அது நேர்மையாகாது. ஹன்னா கிரீனரையும் சொல்ல வேண்டும்.

1848 ஜனவரி 28. நியூகாசிலுக்கு அருகே வின்லட்டன் என்ற ஊர். ஹன்னாவுக்கு 15 வயது. கால்விரல் நகம் ஒன்றை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் இறந்துபோனாள். நவம்பர் 4 இரவிலிருந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. அவள் மயங்கியதும் வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்துக் கொன்றன, குளோரோஃபார்ம் அன்று என்று சிம்சன் வாதிட்டார். ஸ்னோ, ஆவியின் அடர்த்தி மிகுந்தால் இதயமே நேரடியாக நின்றுவிடும் என்று எடுத்துக்காட்டினார். அதற்காகவே அளந்து கொடுக்கும் கருவியும் செய்தார். பின்னர் 50 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிவைத்தார். சிம்சனோ கருவியே வேண்டாம், கைக்குட்டை போதும் என்றார்.

கைக்குட்டை எளிது, எந்தக் குடிசைக்கும் எடுத்துப்போகலாம் என்பது அவர் பக்கத்து நியாயம். பிரசவத்தில் இடைவிட்டு இடைவிட்டுச் சிறுகச் சிறுகக் கொடுத்ததால், அங்கே மரணங்கள் குறைவாக இருந்ததும் உண்மை. ஆனால் வலியில் இருப்பவளின் சொல்லை நம்பிய அதே மனிதர், தம் மருந்தைக் குறை சொன்னவரின் சொல்லை நம்ப மறுத்தார். இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12, காலை 6.30

நேற்றைய குறிப்புக்கு ஒரு தொடர்ச்சி, ஏனெனில் குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்துமா என்ற இந்தக் கேள்வி நம் நாட்டுக்கும் வந்தது. மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது எடின்பரோவில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைம் வகுத்த வழி. அவர் மாணவர் எட்வர்ட் லாரி ஐதராபாத்தில் மருத்துவராக இருந்தபோது, 1888இலும் 1889இலும் குளோரோஃபார்ம் ஆய்வுக்குழுக்கள் அங்கே அமைந்தன. பணம் கொடுத்தவர் நிஜாம்; இரண்டாவது குழுவுக்கு லண்டனிலிருந்து மருத்துவர் லாடர் பிரண்டனை வரவழைத்தார்கள். ஏராளமான விலங்குகளில் சோதித்துப் பார்த்து, மூச்சு நின்ற பிறகே இதயம் நிற்கிறது, ஆகவே மூச்சைக் கவனித்தால் ஆபத்தில்லை என்று தீர்ப்பளித்தார்கள். 1911இல் குட்மன் லெவி, மேலோட்டமான மயக்கத்திலேயே குளோரோஃபார்ம் இதயத்தைத் துடிதுடிக்கவைத்து நிறுத்திவிடும் என்று நிறுவினார். ஹன்னாவுக்கு நேர்ந்ததன் விளக்கம் 63 ஆண்டுகள் கழித்து வந்தது.

ஜூன் 12, மாலை 5.15

இன்னொரு இந்தியத் தொடர்பு, அதிகம் பேசப்படாதது. குளோரோஃபார்மை முயன்று பாருங்கள் என்று சிம்சனிடம் சொன்னவர் டேவிட் வால்டி, லிவர்பூலில் மருந்து தயாரிப்பவர். தூய்மையாகத் தயாரித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் அவருடைய ஆய்வுக்கூடம் எரிந்துபோனது. சிம்சன் எடின்பரோவிலேயே டங்கன் ஃபிளாக்ஹார்ட் கடையில் வாங்கி முகர்ந்துவிட்டார். புகழ்பெற்ற அறிக்கையில் வால்டிக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு அளவு இடம்தான். 1853இல் அவர் கல்கத்தாவுக்குப் போய் வேதிப்பொருள் தொழில் தொடங்கி, 1889இல் அங்கேயே காலமானார். சிம்சன் இறந்தபின், 1870இல், நடந்தது இதுதான் என்று ஒரு சிறு வெளியீட்டில் எழுதினார்.

ஜூன் 13, காலை 8.00

ஆயுதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். பிள்ளைத்தலையைப் பிடித்து எடுக்கும் இடுக்கியை நம் ஊரில் ஆயுதம் என்கிறோம், 'ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை' என்கிறோம். 1848இல் சிம்சன் அமைத்த நீள இடுக்கி, அதன் பின்னால் வந்த பலவற்றுக்கு மாதிரி. இரண்டு தண்டுகளுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அலகுகள் நீளமானவை, நடுவே திறப்புள்ளவை. நெடுநேர வலியில் அழுந்தி நீண்டுபோன தலைக்கு அது பொருந்தும். நம் பெண்களின் இடுப்புக்கு ஏற்றபடி கல்கத்தாவில் மகப்பேற்று மருத்துவர் கேதார்நாத் தாஸ் அந்த இனத்து இடுக்கியைத் திருத்தி அமைத்தார். இடுக்கிகளின் வரலாற்றைப் பற்றி 1929இல் பெரிய நூலும் எழுதினார். என் காலத்துத் தட்டில் கொதிக்கவைத்து எடுத்துவைத்தது பெரும்பாலும் தாஸின் இடுக்கியும் ரிக்லியின் சிறிய இடுக்கியும்தான்.

என் மூத்த மகனும் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைதான். பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. இடுக்கியின் அலகு பதிந்த சிவந்த கோடு இரண்டு கன்னத்திலும் இருந்தது. பத்து நாட்களில் மறைந்துவிட்டது. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்கள். நான் அந்தக் கோட்டை வேறு விதமாகப் பார்த்தேன், ஏனென்றால் அதே மாதத்தில் ஆயுதம் போடத் தெரிந்தவர் வந்துசேருமுன் ஒரு பிள்ளை போனதை வேலை நேரத்தில் கண்டிருந்தேன்.

1849இல் சிம்சன் காற்றை உறிஞ்சித் தலையைப் பற்றும் கிண்ணக் கருவி ஒன்றும் செய்தார், அது அவர் கையில் நிலைக்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து ஸ்வீடனில் மால்ம்ஸ்ட்ரோம் உலோகக் கிண்ணத்தோடு அதை மீட்டெடுத்தார். இன்று 'வேக்குவம்' என்று எல்லா மருத்துவமனையிலும் சொல்வது அந்த வழியில் வந்தது.

ஜூன் 14, இரவு 9.30

பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் அவர் நிலை என்ன என்று கேட்டவருக்கு: அவர் அங்கே தடுமாறினார், பிறகு நிமிர்ந்தார், பிறகு மறுபடி தடுமாறினார். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பிரசவம் பார்க்குமுன் கை கழுவச் சொல்கிறார் என்ற செய்தி கடிதமாக வந்தபோது, இதெல்லாம் பிரிட்டனில் முன்பே தெரிந்ததுதான் என்கிற மாதிரி கடுமையாகப் பதில் எழுதினார். 1795இலேயே அபர்டீனில் அலெக்சாண்டர் கார்டன், இந்தக் காய்ச்சலைக் கொண்டுபோவது மருத்துவர்களும் மருத்துவச்சிகளும்தான் என்று எழுதியிருந்ததால், அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. 1850 வாக்கில், பிரசவித்தவளின் கருப்பையின் உட்பகுதி அறுவைப் புண்ணுக்கு ஒப்பானது, இரண்டிலும் வருவது ஒரே விதக் காய்ச்சல் என்று அவரே தெளிவாக எழுதினார்.

1869இல் அவர் செய்த கணக்கு இன்னும் பெரியது. நாட்டுப்புறங்களில் வீட்டிலேயே உறுப்பு அகற்றப்பட்ட 2,098 பேரில் இறந்தவர் 226 பேர். பெரிய மருத்துவமனைகளில் 2,089 பேரில் 855 பேர். மருத்துவமனையே கொல்கிறது என்றார். 'ஹாஸ்பிடலிசம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். பெரிய கட்டடங்களை விட்டுச் சிறு சிறு குடில்களாகப் பிரிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நோய் சரியாகத்தான் பிடிபட்டது. ஆனால் அதே நேரத்தில், 1867 முதல் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியால் புண்ணைக் காத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மருந்தைச் சிம்சன் ஏளனம் செய்தார், பிரான்சில் லெமேர் முன்பே சொன்னதுதானே என்று குற்றம் சாட்டினார். இரத்தப்போக்கை நிறுத்த நூலுக்குப் பதில் ஊசியைக் குத்திவைக்கும் தம்முடைய முறைக்கு அது போட்டியாகிவிட்டது என்பதும், லிஸ்டர் சைமின் மருமகன் என்பதும், சைமுக்கும் இவருக்கும் ஆகாது என்பதும் அதில் கலந்திருந்தன. சிம்சனின் ஊசி முறையைப் பற்றிய சிறுநூலைச் சைம் மாணவர்கள் முன்னிலையில் கிழித்துப் போட்டவர். இந்த இரு பெரிய மருத்துவர்களும் ஒரே ஊரில் பகைத்துக்கொண்டிருக்க, புண் சீழ்பிடித்து இறந்தவர்கள் இறந்துகொண்டே இருந்தார்கள்.

ஜூன் 15, காலை 7.10

குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம். முதல் மகள் மேகி 1844இல் சிறு குழந்தையாக இறந்தாள். 1866இல் 'சர்' என்று அழைக்கப்படும் பரோனெட் பட்டம் வந்தது. அதே பருவத்தில் மருத்துவம் படித்த மகன் டேவிட் இறந்தான், அடுத்து மகள் ஜெஸ்ஸியும் போனாள். பட்டத்தின் சின்னத்தில் அவர் தேர்ந்த இலத்தீன் வாசகத்துக்கு 'வலி வெல்லப்பட்டது' என்று பொருள்.

பெண்கள் மருத்துவம் படிப்பதை ஊரே வேண்டாம் என்ற காலத்தில், 1854இல் அமெரிக்காவிலிருந்து வந்த எமிலி பிளாக்வெல்லைத் தம்மோடு வைத்துப் பயிற்சி கொடுத்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மனநிறைவு தரும் செயல்களில் இதுவும் ஒன்று.

1870 மே 6 அன்று, 58 வயதில், அதே குவீன் தெரு வீட்டில் இதய நோயால் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தருவதாகச் சொன்னார்கள், குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லி, முன்னே போன பிள்ளைகள் கிடக்கும் வாரிஸ்டன் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். இறக்குந்தறுவாயிலும், வலி நீக்கிய புகழில் ஈதருக்கு உரிய இடத்தை மறைக்கிறார் என்று குற்றம் சாட்டிய பாஸ்டன் மருத்துவர் பிகலோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, இரவு 8.45

இழையைத் தொடங்கியவர், "அப்படியானால் ஒரு வரி போதும் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. ஒரு பக்கம் வேண்டும். அதில் ஹன்னா கிரீனரின் பெயரும் ஜான் ஸ்னோவின் பெயரும் இருக்க வேண்டும். மருந்து கொடுக்கக் கற்கும் பிள்ளைகள் சிம்சனோடு அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜூன் 17, காலை 6.00

பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் கேட்கிறார்: "எங்கள் வார்டில் முதுகு ஊசி போட ஆள் இல்லை. வலியில் கத்துகிறவளிடம் நான் என்ன சொல்ல?"

என் மகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட்டுத்தான் பிரசவமாயிற்று. ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகுவலி இருக்கும் என்று உறவில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று தெரிந்திருந்தும் நானே தயங்கினேன். முடிவு அவளுடையது. கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் நேரத்தில் அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். என் பணிக்காலத்தில் அந்த நேரத்தில் என்னோடு பேசிய பெண் ஒருத்தியும் இல்லை.

ஊசி இல்லாத வார்டில் என் கடைசி ஐந்து ஆண்டுகளில் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். வந்தவுடன் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லியே கூப்பிடு. தாயோ அக்காவோ கூட வந்திருந்தால் உள்ளே விடச் சொல்லிக் கேள். இப்போது பிரசவத் துணைக்கு அனுமதி உண்டு. படுத்தே கிடக்கச் சொல்லாதே, நடக்க முடிந்தால் நடக்கட்டும். வலி எழும்போது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கையின் அடியால் அழுத்திப் பிடி. உன் கை கடுத்துப்போகும், மாற்றிக்கொள். எங்கே வலிக்கிறது என்று கேள், அவள் சொல்வதைக் குறிப்பில் எழுது. திடீரென்று வேறு விதமாக வலிக்கிறது என்றாலோ, வலி விடவே இல்லை என்றாலோ, அந்த நொடியே மருத்துவரைக் கூப்பிடு. அவள் கத்தினால் கத்தட்டும்.